சினிமாவுக்குப் போவது பாவமா, சாமி?



ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்து கோவில் வாசலில் மக்களிடம் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு தாய் தன் மகளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தார். மகள் சென்னைக்கு அருகே ஒரு கம்பெனியில் வேலை செய்பவர். மாதம் இருமுறை ஊருக்கு வருவார்.

“சாமி, நீங்களே கேளுங்க. வர்றதே ரெண்டு நாளு. போன தடவ ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்ச கையோட திண்டிவனத்துக்கு சினிமாவுக்குப் போயிட்டா. அப்புறம் ஓட்டல்ல பிரியாணியாம். சினிமாவுக்குப் போறது பாவந்தானே சாமி?”

“பூசைக்கு வந்துட்டுத்தான் ஃபாதர் போனேன்” என்றார் மகள்.

இருவரையும் பங்கு இல்லத்துத் திண்ணையில் உட்காரவைத்துப் பேசினேன். பேசப் பேச வேறு ஒன்று வெளியே வந்தது. மகளோடு போனவர்கள் மூன்று தோழிகள். எல்லாரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அவர்களில் ஒருவர் காலனித் தெருவைச் சேர்ந்தவர். “சினிமா பாத்ததுகூடப் பரவாயில்ல சாமி. அந்தப் பொண்ணோட ஒரே தட்டுல...” என்று தொடங்கிய தாய், சொல்ல வந்ததை முடிக்கவில்லை. மகள் முடித்தார்: “அன்னிக்குக் காலையில அவளும் நானும் ஒரே வரிசையில நின்னு நன்மை வாங்குனோம் ஃபாதர். அதுக்கு எங்கம்மா ஒண்ணும் சொல்லல. ஓட்டல்ல சாப்பிட்டதுக்குத்தான் ரெண்டு வாரமா எங்கிட்ட பேசல.”

அன்று எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்தத் தாயின் கேள்வி நம் குடும்பங்கள் பலவற்றில் இருக்கும் கேள்வி. எனவே ஊரையும் பெயரையும் விட்டுவிட்டு, அந்த இருவரின் சம்மதத்தோடு, என் பதிலை இங்கே எழுதுகிறேன்.

மகிழ்ச்சி கடவுளின் கொடை

முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். திரைப்படம் பார்ப்பதும், நண்பர்களோடு உணவகத்தில் சாப்பிடுவதும் தம்மளவில் பாவம் அல்ல. உண்டு குடித்து, தன் உழைப்பின் பயனைத் துய்த்து மகிழ்வது கடவுள் மனிதருக்குத் தந்த நன்கொடை என்று சபை உரையாளர் நூல் சொல்கிறது (சஉ 3:12-13). நம் ஆண்டவர் தம் முதல் அரும் அடையாளத்தைச் செய்த இடம் ஒரு கலியாண வீடு (யோவா 2:1-11). அவர் விருந்துகளுக்குப் போனார். எவ்வளவு போனார் என்றால், பெருந்தீனிக்காரர் என்று எதிரிகள் பட்டப்பெயர் வைக்கும் அளவுக்குப் போனார் (மத் 11:19).

குருமடத்தில் புனித தாமஸ் அக்குவினாவின் ‘சும்மா தியோலோஜிக்கா’ படித்தோம். பெயர்தான் சும்மா, படிப்பது சும்மா இல்லை என்று எங்களுக்குள் சிரித்துக்கொள்வோம். 13ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட அந்தப் பெருநூலில் விளையாட்டையும் வேடிக்கையையும் பற்றி ஒரு பகுதி உண்டு. அங்கே புனிதர் ஒரு பழைய கதையைச் சொல்கிறார். நற்செய்தியாளரான யோவான் தம் சீடர்களோடு விளையாடிக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சிலர் இடறல்பட்டார்கள். அவர்களில் ஒருவர் கையில் வில் இருந்தது. ஓர் அம்பு எய்யச் சொன்னார் யோவான். மீண்டும் மீண்டும் எய்யச் சொன்னார். இப்படியே நிறுத்தாமல் எய்ய முடியுமா என்று கேட்டார். வில் ஒடிந்துவிடும் என்றார் அந்த மனிதர். மனித மனமும் அப்படித்தான், தளர்த்தாமல் வைத்திருந்தால் ஒடிந்துவிடும் என்றார் யோவான். இதற்கு மேலும் ஒருபடி போய், தானும் மகிழாமல் பிறர் மகிழ்ச்சியையும் கெடுப்பவரிடம் குற்றம் இருக்கிறது என்கிறார் தாமஸ் அக்குவினா.

“ஞாயித்துக்கெழமையில போயி...” என்று அந்தத் தாய் வருந்தினார். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1247ஆம் சட்டம் ஞாயிறு கடமையைப் பற்றியது. திருப்பலியில் பங்கேற்க வேண்டும் என்று சொல்லும் அதே சட்டம், ஆண்டவருடைய நாளுக்குரிய மகிழ்ச்சியையும் உடல், மன ஓய்வையும் தடுக்கும் வேலைகளைத் தவிர்க்கவும் சொல்கிறது. ஆறு நாள் இயந்திரத்தின் முன் நின்ற பிள்ளை ஏழாம் நாள் சிரித்துவிட்டு வருவது அந்தச் சட்டத்துக்கு எதிரானது அல்ல. திருப்பலியை விட்டுவிட்டுப் போவதுதான் தவறு. அந்தப் பெண் விடவில்லை.

திருச்சபையும் திரைப்படமும்

நான் குருவான புதிதில் சினிமாவைத் திட்டாமல் ஒரு தவக்கால மறையுரையும் கொடுத்ததில்லை. திருச்சபையின் ஏடுகளை நிதானமாகப் படித்த பிறகுதான் என் அவசரம் எனக்குப் புரிந்தது.

திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் 1936ஆம் ஆண்டிலேயே திரைப்படத்தைப் பற்றித் தனிச் சுற்றுமடல் எழுதினார். தீய படங்களைக் கண்டித்த அந்த மடல், நல்ல படங்களின் ஆற்றலையும் ஒத்துக்கொண்டது. 1957இல் 12ஆம் பத்திநாதர் திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி மூன்றையும் பற்றி எழுதினார். 1963இல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றிய விதித்தொகுப்பை வெளியிட்டது. திரைப்படம் பிறந்து நூறாண்டு ஆனதை ஒட்டி, 1995இல் வத்திக்கான் 45 சிறந்த படங்களின் பட்டியலைத் தந்தது. அதில் ‘காந்தி’ திரைப்படமும் இடம்பெற்றது. 2025 நவம்பரில் திருத்தந்தை 14ஆம் லியோ உலகத் திரைக்கலைஞர்களை வத்திக்கானுக்கு வரவழைத்துச் சந்தித்தார்.

நம் தமிழ் மண்ணில் இந்த உறவு இன்னும் பழையது. 1905ஆம் ஆண்டு திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்ற கிறிஸ்தவர், டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கினார். அதோடு கிடைத்த படங்களில் ஒன்று இயேசுவின் வாழ்க்கை. வேலையை விட்டுவிட்டு, அந்தப் படத்தை ஊர் ஊராகக் கொட்டகை போட்டுக் காட்டினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரத் திரையரங்கைக் கட்டினார். நம் மக்களில் பலர் முதன்முதலில் திரையில் பார்த்த முகங்களில் இயேசுவின் முகமும் இருந்தது. பின்னாளில் 1948இல் ‘ஞானசௌந்தரி’யும், 1971இல் ‘அன்னை வேளாங்கண்ணி’யும் வந்தபோது, நம் பாட்டிமார் மாட்டு வண்டியிலும் பேருந்திலும் போய்ப் பார்த்து அழுதுவிட்டு வந்தார்கள்.

ஒரே கூரை, ஒரே மேசை

இனி அந்தத் தாய் முடிக்காமல் விட்ட வாக்கியத்துக்கு வருவோம். உண்மையான கேள்வி அங்கேதான் இருக்கிறது.

என் வயதுக்காரர்களுக்கு டூரிங் கொட்டகை நினைவிருக்கும். மணலைக் குவித்து உயரமாக்கி உட்காருவோம். தரை டிக்கெட், பெஞ்சு டிக்கெட், சேர் டிக்கெட் என்று மூன்று வகை. ஈழத்து அறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி தமிழ்த் திரைப்படம் பற்றிய தம் ஆய்வில் இதைக் கூர்ந்து பார்த்திருக்கிறார். தமிழர் எல்லாரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கலை பார்த்த முதல் இடம் சினிமாக் கொட்டகை என்கிறார் அவர். கோவிலிலும் கூத்துக்களத்திலும் யார் எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பிறப்பு முடிவு செய்தது. கொட்டகையில் அதைக் கையிலிருந்த காசு முடிவு செய்தது.

உணவகத்தின் கதையும் இதுவே. தென்னிந்திய ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் 1940களின் தொடக்கம் வரை பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம் என்று இருந்தது. நம் ஊர்ப்புறத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை இருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். 1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 15(2)ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். சாதி, மதம், பாலினம் போன்றவற்றைக் காட்டி ஒருவரைக் கடைகளிலோ, உணவகங்களிலோ, தங்கும் விடுதிகளிலோ, பொழுதுபோக்கு இடங்களிலோ நுழையவிடாமல் தடுக்கக்கூடாது என்கிறது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டம் ஓட்டலையும் சினிமாக் கொட்டகையையும் பற்றி ஏன் பேச வேண்டும்? மனித மாண்பு அங்கேயும் காக்கப்பட வேண்டியது என்று அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்று விழுப்புரம் சந்திப்பில் இறங்கிப் பாருங்கள். சென்னை, திருச்சி, கடலூர், புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து பக்கமும் ரயில் பாதை போகிறது. நிலையத்துக்கு வெளியே உள்ள பரோட்டா கடையில் ஒரே மேசையில் எதிரெதிரே உட்காருகிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. திண்டிவனம் சாலையோர உணவகங்களிலும் அப்படியே. இலை போடுகிறார்கள், சாம்பார் ஊற்றுகிறார்கள், “இன்னும் கொஞ்சம் சாதம் வைக்கட்டுமா?” என்று கேட்கிறார்கள். நம் சிற்றூர்களின் பந்தியில் இன்னும் முழுமையாக நடக்காத ஒன்று அங்கே நாள்தோறும் நடக்கிறது. நம் பிள்ளைகள் நகரத்துக்குப் போய் நண்பர்களோடு சாப்பிடுவதில் ருசி மட்டுமல்ல, ஒரு விடுதலையும் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் அவர்களைக் கண்டிக்கக்கூடாது.

விவிலியம் இந்தச் சிக்கலை நன்றாக அறியும். அந்தியோக்கியாவில் பேதுரு பிற இனத்தாரோடு சேர்ந்து உண்டுவந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும், அவர்களுக்கு அஞ்சி மெல்ல விலகிக்கொண்டார். பவுல் அவரை முகத்துக்கு நேராகக் கண்டித்தார். நற்செய்தியின் உண்மைக்கு ஏற்ப நீ நடக்கவில்லை என்பதே குற்றச்சாட்டு (கலா 2:11-14). யாரோடு சேர்ந்து சாப்பிடுகிறோம் என்பதை நற்செய்தியின் உண்மையோடு இணைத்துப் பார்த்தார் பவுல். முதல் திருத்தந்தைக்கே அந்தக் கண்டிப்பு தேவைப்பட்டது என்றால், நமக்குத் தேவைப்படாதா?

நம் மறைமாவட்ட வரலாற்றிலும் இந்தக் காயம் உண்டு. 1745ஆம் ஆண்டு, புதுச்சேரிக் கோவிலுக்குள் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து வைக்க எழுப்பியிருந்த சுவரைப் பற்றி எழுந்த சண்டையை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மக்களின் மேம்பாட்டுக்கான கொள்கை ஏட்டை வெளியிட்டு, சாதிப் பாகுபாடு கடுமையான சமூகப் பாவம் என்று அறிவித்தது. கற்சுவர் போய்விட்டது. அந்தத் திண்ணையில் பாதியில் நின்ற வாக்கியத்தைக் கேட்டபோது, சுவரின் ஒரு பகுதி நம் மனத்தில் நிற்கிறது என்று எனக்குத் தோன்றியது.

எனவே அந்தத் தாயிடம் நான் சொல்ல விரும்புவது இது: அம்மா, உங்கள் மகள் சினிமாவுக்குப் போனது பாவமல்ல. அந்தத் தோழியோடு ஒரே தட்டில் சாப்பிட்டதும் பாவமல்ல. காலையில் பீடத்தின் முன் பெற்றுக்கொண்ட நன்மைக்கு, மதியம் ஓட்டல் மேசையில் அவள் “ஆமென்” சொல்லியிருக்கிறாள்.

காசு கேட்கும் மேசை

மகளிடமும் ஒன்று சொல்ல வேண்டும். நகரத்து மேசை சாதி கேட்பதில்லை, ஆனால் காசு கேட்கிறது. நான்கு பேர் படம் பார்த்து, இடைவேளையில் பாப்கார்ன் வாங்கி, பிறகு பிரியாணி சாப்பிட்டால் ஆயிரம் ரூபாய் நிற்பதில்லை. வேலைக்குப் போகாமல் வீட்டில் நோயாளித் தகப்பனைக் கவனித்துக்கொள்ளும் பழைய தோழி அந்தக் கூட்டத்தில் இருக்கிறாளா? அவளை யாரும் விரட்டவில்லை, உண்மைதான். கூப்பிட்டால் சங்கடப்படுவாள் என்று கூப்பிடுவதையே நிறுத்திவிடுகிறோம். கொரிந்து நகரில் வசதி உள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்ண, இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். அதைத்தான் பவுல் ஆண்டவரின் திருவிருந்துக்கு நேர்ந்த அவமதிப்பாகக் கண்டார் (1 கொரி 11:20-22). திருப்பிக் கூப்பிட வசதியில்லாதவர்களை விருந்துக்கு அழையுங்கள் என்றார் இயேசு (லூக் 14:12-14).

இன்னொருவரும் அந்த மேசைக்கு வெளியே இருக்கிறார். அவர்தான் அந்தத் தாய். “நீங்க ஓட்டல்ல உக்காந்து சாப்பிட்டிருக்கீங்களாம்மா?” என்று அன்று கேட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனபோது பார்சல் வாங்கியதுண்டு, உட்கார்ந்து சாப்பிட்டதில்லை என்றார். நாற்பது ஆண்டுகளாக மற்றவர்களுக்குப் பரிமாறியே பழகிய கை. நம் இல்லங்களில் இப்படி எத்தனை தாய்மார்! அவர்களுக்கு ஒருநாள் அடுப்பிலிருந்து விடுமுறை தருவது ஆடம்பரமல்ல, நன்றி.

மேசையருகே நிற்பவரையும் மறக்க வேண்டாம். சப்ளையரும் அடுப்படியில் மாஸ்டரும் நம் ஞாயிற்றுக்கிழமையில்தான் அதிகம் உழைக்கிறார்கள். இன்று அவர்களில் பலர் வடமாநிலங்களிலிருந்து வந்த இளைஞர்கள். நாள் முழுதும் நின்றே வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் செய்ய வேண்டியிருந்தது. “டேய்” என்று விரலைச் சொடுக்கிக் கூப்பிடாமல், “தம்பி” என்று கூப்பிடுவதற்குச் செலவு ஏதுமில்லை.

ஒரு படம் சொல்லும் பாடம்

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட ‘அன்பின் மகிழ்வு’ என்ற திருத்தூது ஊக்கவுரையில் (எண் 129) ஒரு திரைப்படத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். 1987இல் டென்மார்க்கில் வந்த ‘பாபெத்தின் விருந்து’ அது. வத்திக்கானின் 45 படப் பட்டியலிலும் உள்ளது.

கதை எளியது. கடலோரச் சிற்றூர் ஒன்றில் இரண்டு வயதான சகோதரிகள். அவர்கள் தந்தை கண்டிப்பான போதகர். மகிழ்ச்சி என்றாலே ஆபத்து என்று பழகிய சிறு சபை. பாரிசிலிருந்து அடைக்கலம் தேடி வந்த பாபெத், அவர்கள் வீட்டில் 14 ஆண்டுகள் சமையல் செய்கிறார். அவருக்குப் பரிசுச் சீட்டில் 10,000 பிராங்க் விழுகிறது. அதை வைத்து அவர் ஊருக்குத் திரும்பிப் போகலாம். ஆனால் முழுத் தொகையையும் செலவிட்டு அந்தச் சபையினருக்கு ஒரே ஒரு விருந்து சமைக்கிறார். உணவை ரசிக்கக்கூடாது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு வந்து உட்காருகிறார்கள் அவர்கள். ஆண்டுக்கணக்காகத் தங்களுக்குள் பகை வைத்திருப்பவர்கள். உண்ண உண்ண முகம் மலர்கிறது. பழைய கணக்குகள் மன்னிக்கப்படுகின்றன. விருந்து முடிந்ததும் வெளியே வந்து கைகோத்து நிற்கிறார்கள்.

மறையுரைகள் செய்யாததை ஒரு சாப்பாடு செய்தது. நல்ல விருந்துக்கும் நல்ல படத்துக்கும் அந்த ஆற்றல் உண்டு.

எச்சரிக்கையும் வேண்டும்

எல்லா மகிழ்ச்சியும் கடவுளிடமிருந்து வருவது அல்ல. நண்பர் கூட்டம் என்றாலே மது என்று ஆகிவிட்டது. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்தது. திண்டிவனத்திலிருந்து அது தொலைவில் இல்லை. அந்த வீடுகளில் இன்று தனியாக அடுப்பு மூட்டும் பெண்களை நினைத்துப் பாருங்கள். கடையில் விற்கும் மது என்றாலும் குடும்பங்கள் படும் பாட்டை நாம் அறிவோம்.

படத்துக்குப் போகும் முன் அதன் சான்றிதழைப் பாருங்கள். 2024இல் விதிகள் மாறின. யு, ஏ ஆகியவற்றுக்கு நடுவே இருந்த யு/ஏ இப்போது 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. சிறு பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு வெட்டும் குத்துமான படத்தைப் பார்க்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். கடன் வாங்கிக் கொண்டாடுவதையும், நான்கு பேர் உட்கார்ந்து நான்கு கைப்பேசியைப் பார்ப்பதையும் பற்றி நான் விரிவாக எழுதத் தேவையில்லை. உங்களுக்கே தெரியும்.

சிந்தனைக்கு

அன்பார்ந்தவர்களே, எந்த மகிழ்ச்சியையும் அளக்க ஓர் எளிய அளவுகோல் போதும். இதனால் என் மேசை நீள்கிறதா, சுருங்குகிறதா? அதை வைத்து மூன்று கேள்விகளை நமக்கு நாமே கேட்போம்.

1. நான் கடைசியாக நண்பர்களோடு உண்ட விருந்தில், என் தெருவையும் என் உறவையும் சேராத ஒருவராவது இருந்தாரா?

2. காசில்லை என்பதால் நான் கூப்பிடாமல் விட்டவர் யார்?

3. எங்கள் பங்குத் திருவிழாவின் சமபந்தி, உண்மையிலேயே சமபந்தியாக நடக்கிறதா?

அந்தத் தாய் ஒரே நாளில் மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். இரண்டு வாரம் கழித்து மகளோடு பேசத் தொடங்கினார். சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அதிரசமும் முறுக்கும் வைத்த ஒரு தட்டு, மகள் கையில் அந்தத் தோழியின் வீட்டுக்குப் போனது. அங்கிருந்து தட்டு வெறுமையாகத் திரும்பவில்லை. அந்த வீட்டுப் பலகாரத்தைத் தாயும் எடுத்துச் சாப்பிட்டார் என்று மகள் வந்து சொன்னார். இன்னும் ஒரே மேசையில் உட்காரவில்லை. உட்காருவார்கள் என்று நம்பி மன்றாடுகிறேன்.

மன்றாடுவோம்: கானாவூர்க் கலியாணத்தில் மகிழ்ந்த ஆண்டவரே, எங்கள் சிரிப்பையும் சாப்பாட்டையும் ஆசீர்வதியும். எங்கள் மனத்தில் நிற்கும் சுவர்களை இடித்துத் தாரும். உமது பீடத்தில் ஒன்றாய் உண்ணும் நாங்கள், எங்கள் மேசைகளிலும் ஒன்றாய் உண்ண வரம் தாரும். ஆமென்.